லாப் டைமர் வாங்கப் போகும் தம்பிமாருக்கு

திருகோணமலையில் கராஜ் வைத்திருக்கிறேன். ஸ்கானர் போட்டுக் கோளாறு பார்ப்பது, பிரேக், சஸ்பென்ஷன் வேலை இவைதான் தொழில். கொஞ்சக் காலமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பண்டாரகம, கட்டுக்குருந்தை என்று போய் ட்ராக்கில் ஓடிவிட்டு வரும் பொடியன்கள் லாப் டைமர், அதாவது ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தரவையும் பதியும் செயலி, உள்ள போனை நீட்டி, “அண்ணா, இதுக்குக் கீழ இறங்கவே முடியேல்ல, காரில என்னவும் பிழை இருக்கா?” என்று கேட்பார்கள். திரையில் ஒரே ஒரு எண் இருக்கும், சுற்றின் மொத்த நேரம். உள்ளே அந்தச் சுற்றின் முழுத் தரவும் கிடக்கும். அதை ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மொத்த நேரம் ஒரு தீர்ப்பை மட்டும் சொல்லும். எந்த முடக்கில், அதாவது எந்த வளைவில், நேரம் போனது, ஏன் போனது என்பது அதற்குள் இல்லை. அது தெரியாதவர் என்ன செய்வார்? எல்லா இடத்திலும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார். பிரேக்கைப் பிந்திப் பிடிப்பார், முடக்குக்குள் வேகமாக நுழைவார், ஸ்டேரிங்கை இன்னும் முறிப்பார். டயர் கத்தும், கார் வெளியே தள்ளும், அடுத்த சுற்று இன்னும் மெதுவாக வரும். ஆத்திரத்தில் இன்னும் கூட்டுவார். ட்ராக்கில் புதியவர்கள் பாதையை விட்டு வெளியே போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே லாப் டைமர் வாங்கினால் அதில் எதைப் பார்ப்பது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பற்றி. ரேஸ்குரோனோ, ஹாரிஸ் லாப்டைமர் போன்ற போன் செயலிகள் நல்லவைதான். பலவீனம் போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ்ஸில் இருக்கிறது. பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைப் பதிகின்றன. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் போய்விடும். நீங்கள் பிரேக் பிடித்த இடம், விட்ட இடம், முடக்கில் மிகக் குறைந்த வேகம் எல்லாம் அந்த 28 மீற்றர் இடைவெளிக்குள் விழுந்து மறைந்துவிடும். செக்கனுக்கு 10 தடவை பதியும் கருவியில் இடைவெளி 2.8 மீற்றர். 25 தடவை பதியும் ரேஸ்பொக்ஸ் மினி போன்ற சின்னப் பெட்டியில் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட. அப்படியான பெட்டி ஒன்றைப் புளூடூத்தில் போனோடு சேர்த்தால் தொடங்குகிறவருக்குத் தாராளமாகக் காணும். ஏய்ம், விபொக்ஸ் போன்ற தனிக் கருவிகள் நல்ல சாமான்தான். ஆனால் அந்தக் காசுக்கு முதல் வருடம் டயரும் பிரேக் பட்டையும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

காரின் ஓ.பி.டி. துவாரத்தில், அதாவது நாங்கள் கோளாறு பார்க்க ஸ்கானர் போடும் இடத்தில், செருகும் மலிவு அடாப்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். என்ஜின் ஆர்பிஎம், திறொட்டில் எவ்வளவு திறந்தது, கூலன்ட் வெப்பநிலை எல்லாம் அதன் வழியே வரும். ஆனால் மெதுவாக வரும். கேட்கும் விடயங்கள் கூடக் கூட ஒவ்வொன்றும் இன்னும் மெதுவாகும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்து இங்கே இறக்கிய கார்கள் சில, கேட்டதற்குப் பாதிப் பதில்தான் தரும். பிரேக் அழுத்தம் பொதுவான ஓ.பி.டி. பட்டியலிலேயே இல்லை. இன்னொன்று, அந்தத் துவாரம் அநேகமான கார்களில் சாரதியின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. அதில் வயரைத் தொங்கவிட்டு, அது கழன்று பிரேக் பெடலுக்குக் கீழே போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வயரைக் கட்டுங்கள். போனையும் உறிஞ்சிப் பிடிக்கும் மலிவு ஸ்டாண்டில் விடாதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் டாஷ்போர்டில் வைத்த போன் சூடேறித் தானாகவே நின்றுவிடும், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது பறந்தும் வரும்.

சரி, கருவி வந்துவிட்டது. ட்ராக் எங்கே? திருகோணமலையில் இல்லை. பண்டாரகமவுக்கோ கட்டுக்குருந்தைக்கோ போவதென்றால் கொழும்பையும் தாண்டவேண்டும். இங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. “சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்ப்பம்” என்று இரவில் நிலாவெளி வீதியில், இல்லாவிட்டால் கந்தளாய்ப் பக்கம் ஏ6 வீதியில் தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் செயலியில் குறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கராஜுக்கு வரும் கோப்புகளில் அதைப் பார்க்கிறேன். வரைபடத்தைத் திறந்தால் நிலாவெளி வீதியில் உப்புவெளி தெரிகிறது!

வீதியில் மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும், ஹபரணைப் பக்கம் போனால் யானை நிற்கும். வேக எல்லை ஊருக்குள் 50, வெளியே 70. இதெல்லாம் தெரிந்ததுதான், தெரிந்தும் ஓடுகிறவர்களிடம் நான் வேறொன்று சொல்வதுண்டு. வீதியில் எடுத்த தரவு தொழில்நுட்பமாகவே குப்பை. லொகரின், அதாவது இப்படித் தரவு பதியும் கருவியின், பயன் முழுவதும் ஒப்பிடுவதில் இருக்கிறது. அதே முடக்கு, அதே அகலம், எதிரே ஒருவரும் வராத அதே பாதை என்று திரும்பத் திரும்ப ஓடினால்தான் இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். வீதியில் ஒரு தடவை எதிரே பஸ் வரும், அடுத்த தடவை வராது. அந்த இரண்டு கோடுகளை வைத்து நான் எதைச் சொல்வது? அங்கே மிஞ்சுவது மொத்த நேரம் மட்டும்தான். அந்த எண்ணை வட்ஸ்அப் குழுவில் போட்டதும் அடுத்தவர் அதை முறியடிக்கக் கிளம்புகிறார்.

வீதிக் கரையில் நின்று போனில் வீடியோ எடுக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி ஆட்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அது அறிவித்து, ஒழுங்கு செய்து நடத்திய பந்தயம். நிலாவெளி வீதியின் ஓரத்தில் நிற்கிறவருக்கு முன்னால் என்ன இருக்கிறது?

கருவியைப் பழகவேண்டுமென்றால் கன்னியா வரைக்கும் வேக எல்லைக்குள் சாதாரணமாக ஓடிப் பதியுங்கள். ஜி.பி.எஸ். பிடிக்கிறதா, பெட்டி ஆடுகிறதா, கோப்பு சேமிக்கப்படுகிறதா என்று பார்க்க அது போதும். நேரம் எடுக்க வேண்டாம்.

இனி, வரைபை வாசிப்பது. இதுதான் முக்கியமான இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்விஃப்ட் ஓட்டும் ஒரு தம்பி வந்தார். நீளமான நேர்ப்பாதை முடிந்து வலது பக்கம் திரும்பும் முடக்கில் நேரம் போகிறது என்பது அவருக்கே தெரியும். “எங்க பிரேக் பிடிக்கிறீர்?” என்று கேட்டேன். “முடக்குக்கு நூறு மீற்றர் எண்டு காட்டுற போர்டிலதான் அண்ணா, அதுக்கு முதல் தொடவே மாட்டன்.” கணினியில் வேகக் கோட்டைத் திறந்தோம். கிடையாக நேரத்தைப் போடாமல் தூரத்தைப் போட்டுப் பார்க்கவேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் ஒரே இடத்தில் விழும். நன்றாக ஓடுகிறவரின் கோடு நேர்ப்பாதையின் முடிவில் கூரிய முனையாக ஏறி, உடனே செங்குத்தாக இறங்கும். இவருடைய கோடு மேலே வட்டமாக இருந்தது. போர்டில் பிரேக் பிடித்தார் என்பது உண்மைதான், கோடு அங்கேதான் சடாரென்று முறிகிறது. ஆனால் அக்சிலேட்டரில் இருந்து காலை அதற்கு வெகு முன்னாலேயே எடுத்துவிட்டார். நடுவில் முடுக்காமலும் பிரேக் பிடிக்காமலும் கார் சும்மா உருண்டிருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டியபோது, “நானா?” என்று கேட்டார். கால் செய்வது தலைக்குத் தெரிவதில்லை. லொகர் கொடுக்கும் பெரிய உதவி இதுதான்.

அடுத்தது, பிரேக் பிடிக்கும்போது கோடு இறங்கும் சரிவு. 120இல் வந்து 60க்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த தாரில் நல்ல சாதாரண டயரோடு 0.9 ஜி (ஒரு ஜி என்பது பூமி ஈர்ப்பின் அளவு) அளவில் பிரேக் பிடித்தால் 47 மீற்றர் போதும். 0.5 ஜியில் மெதுவாகப் பிடித்தால் 85 மீற்றர் வேண்டும். பலமாகப் பிடிப்பவர் அந்த மேலதிக 38 மீற்றரையும் 120இலேயே ஓடிவிடுவார். கணக்குப் பார்த்தால் ஒரே முடக்கில் ஏறக்குறைய 0.38 செக்கன். முடக்குக்குள் வேகத்தைக் கூட்டாமலே, டயரைக் கத்த வைக்காமலே கிடைக்கும் நேரம் இது. இந்தத் தம்பியோ நேர்மாறாக முடக்கின் நடுவில் வேகத்தைக் கூட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, முடக்கை விட்டு வெளியே வருவது. இதற்கு டெல்டா என்ற கோட்டைப் பாருங்கள். உங்கள் நல்ல சுற்றோடு ஒப்பிட்டு எந்த இடத்தில் எவ்வளவு பிந்துகிறீர்கள் என்பதை அது காட்டும். அந்தக் கோடு ஒரு முடக்குக்குள் மட்டும் ஏறிவிட்டு அப்படியே நின்றால் பிழை அந்த முடக்கோடு முடிந்துவிட்டது. முடக்கு முடிந்து நேர்ப்பாதையிலும் ஏறிக்கொண்டே போனால், வெளியே வந்த வேகம் குறைவு என்று பொருள். அந்தக் குறையை நேர்ப்பாதை நெடுகச் சுமந்துகொண்டு போகிறீர்கள். அநேகமாக வேகமாக நுழைந்ததால் அக்சிலேட்டரை மிதிக்கப் பிந்தியிருக்கும். ஆகவே திருத்துவதற்கு ஒரு முடக்கைத் தெரிவுசெய்யவேண்டும் என்றால், நீளமான நேர்ப்பாதைக்கு முன்னால் வரும் முடக்கைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு செஷனுக்கு ஒரு முடக்கு, அதில் ஒரு விடயம். அதற்கு மேல் தலை தாங்காது.

டெல்டாவை ஓடும்போதே திரையில் காட்டும் வசதியும் இருக்கிறது. அதை மூடிவிடுங்கள். பச்சை, சிவப்பு என்று மாறும் எண்ணைப் பார்க்கிற கண், கொடி காட்டுபவரைப் பார்க்காது.

“தியரிட்டிக்கல் பெஸ்ட்” என்று மென்பொருள் காட்டும் நேரத்தையும் அப்படியே நம்பவேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் உங்கள் ஆகக் குறைந்த நேரத்தை எடுத்துக் கூட்டித் தருவது அது. ஒரு பகுதியின் முடிவுவரை கண்மூடித்தனமாக வேகமாக வந்தால் அந்தப் பகுதி நேரம் நன்றாகத்தான் இருக்கும், அதற்கான விலை அடுத்த பகுதியில் போகும். கூட்டலில் அந்த விலை தெரியாது.

கராஜ்காரன் என்ற முறையில் எனக்கு லொகரில் பிடித்தது வேறொன்று. அது சாரதியை மட்டுமல்லாமல் காரையும் காட்டிக்கொடுக்கும். முதல் சுற்றுகளில் செங்குத்தாக இருந்த பிரேக் சரிவு போகப் போகச் சாய்கிறது, சாரதி தன்னை அறியாமலே ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் முந்திப் பிடிக்கிறார் என்றால், நான் முதலில் பார்ப்பது பிரேக் ஒயிலைத்தான். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிர்ணயம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155. டொட் 3 என்றால் 205, 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் பஞ்சாக உள்ளே போகும். கடற்கரை ஊரில் இரண்டு மூன்று வருடம் மாற்றாத ஒயிலோடு ட்ராக்குக்குப் போகும் கார்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கும். போவதற்கு முன் மாற்றுங்கள், கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஆற ஓடுங்கள், நிறுத்திய உடனே ஹான்ட்பிரேக் போடாதீர்கள்.

கூலன்ட் வெப்பநிலைக் கோடு சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போய் நிற்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

டயர் காற்றை எந்தக் கோடும் சொல்லாது, கையால் எழுதவேண்டும். 30 பாகையில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர் உள்ளே 70 பாகை ஆகும்போது 38ஐத் தொடும். அளக்கவேண்டியது ஓடி வந்த உடனேயே, நான்கு டயரிலும். பின்னேரம் சுற்று நேரம் கூடிவிட்டது என்று தலையைப் பிய்ப்பவர்கள் பலருக்கு விடை அந்தக் காற்றில் இருக்கும்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றை விலக்கி எழுதியிருப்பது வழமை.

என்னிடம் கோப்பைக் கொண்டு வருகிறவர்கள் மொத்த நேரத்தின் ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பவேண்டாம். முழுக் கோப்பையும் அழிக்காமல் கொண்டுவாருங்கள், கூடவே ஒரு துண்டுத் தாளில் நான்கு டயரிலும் சூட்டோடு அளந்த காற்று, பிரேக் ஒயில் கடைசியாக மாற்றிய திகதி, எந்த முடக்கில் பயமாக இருந்தது என்பது. கடைசியில் சொன்னதை அநேகர் எழுதமாட்டார்கள், வெட்கம். ஆனால் வரைபில் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்த முடக்கைத்தான்.