'ஓப்பன்' அழுத்தினால் வரும் பெட்டி யாருடையது?

திருமங்கலத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்: "பைத்தானில் டிகின்டர் வைத்து எங்கள் ஊர் அரிசி மண்டிக்கு ஒரு கணக்கு ஆப் எழுதினேன். 'ஓப்பன்' அழுத்தினால் வீட்டில் விண்டோஸில் ஃபைல் தேர்ந்தெடுக்க அழகான பெட்டி வருகிறது. காலேஜ் லேபில் லினக்ஸில் அதே கோடை ஓட்டினால் ஏதோ பழங்காலத்துப் பெட்டி வருகிறது. நான் எழுதியது ஒரே வரிதானே, ஏன் இப்படி?"

வரி ஒன்றுதான், ஆனால் அதைக் கேட்டு வேலை செய்கிற ஆள் இரண்டு இடத்திலும் வேறு. டிகின்டர் என்பது பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் போட உதவும் கருவித் தொகுப்பு, அதற்கு அடியில் இருந்து வரைகிற வேலையைச் செய்வது டிகே. விண்டோஸிலும் மேக்கிலும் டிகின்டர் இந்தப் பெட்டியைத் தானாக வரையாமல் "ஒரு ஃபைல் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. லினக்ஸில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெட்டி கிடையாது, க்னோம், கேடிஇ என்று டெஸ்க்டாப்பே பல வகை, க்னோம் ஒன்று வைத்திருக்கும், கேடிஇ ஒன்று வைத்திருக்கும், டிகே இரண்டையும் கேட்காமல் தன்னுடையதைத் தானே வரைந்துவிடுகிறது. ஜாவாவின் ஸ்விங்கும் இப்படித்தான், அது எந்த சிஸ்டத்திலும் தன் பெட்டியைத் தானே வரையும். ஆப் எழுத உதவும் க்யூட்டி, எலக்ட்ரான் போன்ற மற்ற தொகுப்புகள் முடிந்தவரை சிஸ்டத்தின் பெட்டியையே கூப்பிடும்.

விண்டோஸில் இந்தப் பொதுப் பெட்டி 1992-ல் 3.1 பதிப்போடு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்கென்று ஒன்று வரைந்துகொண்டிருந்தது.

சரி, தானே வரைந்தால் என்ன குறை, பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். நமக்குக் குறை அதோடு நிற்பதில்லை. 'செல்லூர் கணக்கு' என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் நினைவில் முதலில் 'ச', அதன் பிறகுதான் கொம்பு (ெ). திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் போட வேண்டும், அதற்கென்று தனி எஞ்சின் இருக்கிறது. விண்டோஸ், மேக், க்னோம், கேடிஇ எல்லாவற்றின் பெட்டிகளிலும் அது உண்டு. லினக்ஸில் டிகே 8.6 தானே வரையும் பெட்டியில் இல்லை, அதனால் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மதுரை டிடிபி கடைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்காதே, கெட்டுப்போகும். கல்யாணப் பத்திரிகை முழுக்கத் தமிழில் இருக்கும், ஃபைல் பெயர் மட்டும் ஆங்கிலத்தில். இதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன், இதற்கு ஒரு நிஜக் காரணம் இருக்கிறது. விண்டோஸின் ஃபைல் பெட்டியைக் கூப்பிட இரண்டு வழி: யூனிகோடு வழி, அதற்கு முந்தைய ஆன்சி வழி. ஆன்சியில் மொழிக்கு மொழி எழுத்துப் பட்டியல் இருந்தது, தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் போடப்படவே இல்லை. ஆன்சி வழியில் போகிற பழைய சாஃப்ட்வேருக்குத் தமிழ்ப் பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத்தான் வந்து சேரும். விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறியே வரக்கூடாது, ஆகவே அந்தப் பெயரில் தேடினால் ஃபைல் கிடைக்காது. ஃபைல் வட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது, கெட்டது கூப்பிட்ட விதம்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

லினக்ஸில் பொதுப் பெட்டி இல்லை என்றேனே, அந்தக் குறையைத் தீர்க்க 2016 வாக்கில் 'போர்ட்டல்' என்று ஒன்று வந்தது. பெட்டியை வரைவது ஆப் இல்லை, ஆப்புக்கு வெளியே ஓடும் வேறொரு புரோகிராம். உங்கள் ஆப், லினக்ஸில் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ஒரு செய்தி அனுப்பும்: ஃபைல் வேண்டும், தலைப்பு இது, இன்ன வகை ஃபைல்கள் போதும். உடனே கைக்கு வருவது ஃபைல் அல்ல, ஒரு டோக்கன் மாதிரியான பெயர் மட்டும். அப்புறம் போர்ட்டல், ஓடுவது க்னோமா கேடிஇயா என்று பார்த்து அந்தந்த டெஸ்க்டாப்பின் பெட்டியைத் திறக்கச் சொல்லும். அந்தப் பெட்டிக்கு உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுக்கத் தெரியும். ஃபிளாட்பேக்கில், அதாவது ஆப்பைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் முறையில், அடைத்து வைத்த ஆப்பாக இருந்தால், அதற்கு எதுவும் தெரியாது. நீங்கள் ஃபோல்டர் ஃபோல்டராகப் புகுந்து வெளியே வருவது, ஒரு ஃபைலைத் தொட்டுவிட்டு வேண்டாம் என்று விடுவது, எதையும் அது பார்க்க முடியாது. கேன்சல் செய்தால் அதற்கு வருவது '1' என்ற எண், அவ்வளவுதான். 'ஓப்பன்' அழுத்தினால் '0' வரும், கூடவே ஃபைலின் பாதையும்.

அந்தப் பாதையிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அடைத்து வைத்த ஆப்புக்கு ஃபைலின் சொந்த இடத்தைச் சொல்லாமல், ரன், யூசர், 1000, டாக் என்று போகிற ஒரு மாயப் பாதையைக் கொடுக்கிறார்கள். அதன் உள்ளே நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஃபைல் மட்டும் இருக்கும், பக்கத்து ஃபைல் இருக்காது. அறுந்த சங்கிலியைப் பற்றவைக்க ஆசாரியிடம் சங்கிலியைத்தான் கொடுப்போம், பீரோ சாவியைக் கொடுக்க மாட்டோம் இல்லையா, அதேதான். இதில் "இந்த ஆப்பை அனுமதிக்கலாமா?" என்று தனியாக ஒரு கேள்வி வரவே வராது. நீங்கள் தேர்ந்தெடுத்ததே அனுமதி. பாதுகாப்பு என்றாலே பயனரை நாலு கேள்வி கேட்டுத் தொல்லை செய்வதுதான் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். மேக்கிலும் இதே எண்ணம் இருக்கிறது, 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து எல்லா ஆப்களுக்கும் இந்தப் பெட்டியை ஆப்புக்கு வெளியே ஓடும் தனி புராசஸ்தான் வரைகிறது.

தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது, அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் கணினித் தமிழுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த மாதிரி அடித்தள வேலைக்கும், டிகேயில் தமிழ் எழுத்து சரியாக வருவதற்கும், போர்ட்டல்களைப் பராமரிப்பவர்களுக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. புது ஆப் திறப்பு விழாவில் போட்டோ எடுக்கலாம், கொம்பைச் சரியான இடத்தில் வைத்ததற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆனால் அண்ணாச்சி கணக்கு ஃபைலுக்குத் தன் மொழியில் பெயர் வைக்க அதுதான் உதவும்.

திருமங்கலத்துத் தம்பி, உங்கள் ஆப்பை க்யூட்டிக்கு மாற்றுங்கள், பைத்தானிலேயே எழுதலாம், க்னோம், கேடிஇ இரண்டிலும் பெரும்பாலும் அந்தந்த டெஸ்க்டாப்பின் பெட்டியே வரும். மாற்றும்போது உங்கள் மெயின் விண்டோ எது என்று பெட்டிக்கு மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெட்டி சில நேரம் மெயின் விண்டோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், ஆப் அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும், மண்டிக்காரர் "ஹேங் ஆயிருச்சு" என்று பவர் பட்டனை அமுக்குவார்.