இடுப்பு மூட்டுக்கு ‘நிலைத்தன்மை’ எதற்கு?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவமனையில் ஒரு கையேடு கொடுக்கிறார்கள். சேலத்தில் நான் பார்த்த கையேடுகளில் ஒரு வரி மாறாமல் வருகிறது: ‘உள்வைப்புப் பொருள்கள் மூட்டின் நிலைத்தன்மையைப் பாதிக்கின்றன.’ ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த என் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். “அப்படின்னா இது எத்தனை வருசம் உழைக்கும்னு சொல்றாங்களா கண்ணு?” என்று கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர், “இல்லீங்கம்மா, நிக்கறப்ப தடுமாறாம இருக்கறதைச் சொல்றாங்க” என்றார். இருவர் சொன்னதும் கையேடு சொல்ல வந்தது இல்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்து வேறெப்படித்தான் புரிந்துகொள்வார்கள்?

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றுமில்லை. நிலைத்தன்மை, ஆங்கில ஸ்டெபிலிட்டியின் மொழிபெயர்ப்பு. ஸ்டெபிலிட்டி, நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதற்கு முன்பு தமிழில் எழுதிய ஸ்திரத்தன்மைக்கும் நிற்றலைக் குறிக்கும் வடமொழி வேர்தான். நம் நிலை, நில் என்பதிலிருந்து வந்தது. வேருக்கு வேர் பொருந்திவிட்டது என்று மொழிபெயர்ப்பாளர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

எலும்பு மருத்துவர் ஸ்டெபிலிட்டி என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு சங்கதிகளைச் சொல்கிறார். செயற்கை மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு உண்டு, அதன் உச்சியில் பந்து உண்டு, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணமும் அதற்கு ஓர் உள்ளுறையும் உண்டு. தண்டும் கிண்ணமும் எலும்பை விட்டு அசையாமல் இருப்பது ஒன்று. பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வராமல் இருப்பது இன்னொன்று. முன்னது கெட்டால், பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து, உட்கார்ந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது தொடையில் வலிக்கும். பின்னது கெட்டால் ஒரே நொடியில் கால் திரும்பிக்கொள்ளும், நடக்க முடியாது. அது பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நடப்பது. காரணம் வேறு, காலம் வேறு, வைத்தியம் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

முன்னதற்குப் பிடிமானம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: ஆட்டம். பல் ஆட்டம் கண்டுவிட்டது என்கிறோம், மண்வெட்டிக் காம்பு ஆட்டம் கண்டுவிட்டது என்று ஆப்பு அடிக்கிறோம். சிமென்ட் இல்லாமல் பொருத்தும் தண்டையும் முதலில் அப்படித்தான் எலும்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்குகிறார்கள். அப்புறம் அதன் சொரசொரப்பான டைட்டானியப் பரப்பில் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்கிறது. டைட்டானியக் கலவையின் விறைப்பு, தண்டு செய்யும் இன்னொரு உலோகமான கோபால்ட்-குரோமியக் கலவையின் விறைப்பில் ஏறத்தாழப் பாதி. தண்டு ரொம்ப விறைப்பாக இருந்தால் உடம்பின் பாரத்தை அதுவே சுமந்துகொள்ளும், சுற்றியுள்ள எலும்பு வேலையில்லாமல் மெலிந்துபோகும். உள்ளுறை பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னொரு வழியிலும் ஆட்டம் வரும். தேய்ந்து உதிரும் நுண்துகள்களை உடம்பின் உயிரணுக்கள் விழுங்கப் பார்க்கும், அந்த அழற்சியில் பக்கத்து எலும்பே கரையும். இதில் எதையாவது ‘நிலைத்தன்மைக் குறைவு’ என்று சொன்னால் யாருக்கு விளங்கும்?

பின்னதற்கு நழுவாமை என்பேன். மூட்டு நழுவிருச்சு, பிசகிருச்சு என்று ஊரில் சொல்லாதவர் யார்? இங்கே முக்கியமானது பந்தின் அளவு. 1962இல் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி நிலைநிறுத்திய மூட்டில் பந்தின் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர்தான். பந்து துருவேறா எஃகு, நம் சேலம் உருக்காலைத் தகட்டின் குடும்பம். கிண்ணம் பாலிஎத்திலின். அதற்கு முன் அவர் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் வேகமாகத் தேய்ந்து தோற்றிருந்தன. உராய்வு குறையட்டும் என்றுதான் பந்தைச் சிறிதாக்கினார். ஆனால் சின்னப் பந்து கிண்ணத்தின் விளிம்பைத் தாண்ட அதிகம் எழும்ப வேண்டியதில்லை. பந்து பெரிதானால் தாண்ட வேண்டிய உயரமும் கூடும். பெரிய பந்துக்கு இடம் வேண்டுமென்றால் உள்ளுறை மெலிய வேண்டும், மெலிந்த பழைய பாலிஎத்திலினோ தாங்காது. 1990களின் கடைசியில் குறுக்குப்பிணைப்புக் கூட்டிய, அதாவது மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று இன்னும் இறுகப் பிணைத்த, பாலிஎத்திலின் வந்து தேய்மானம் வெகுவாகக் குறைந்த பிறகுதான் 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் வழக்கமாயின. ஆக, மூட்டு நழுவுவதில் பொருளின் பங்கு சுற்றுவழியில் வருவது. கிண்ணத்தை வைக்கும் கோணமும் தசைகளின் இறுக்கமும்தான் நேரடிக் காரணங்கள்.

இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலோகத்தின் மேல் உலோகம் உரசும் பெரிய பந்து மூட்டுகளே சாட்சி. பந்து பெரியது, எளிதில் நழுவாது. ஆனால் கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தன, சிலருக்குக் கிண்ணம் ஆட்டம் கண்டது. அப்படிப்பட்ட ஒரு வகையை 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அந்த மூட்டுக்கு நிலைத்தன்மை இருந்ததா, இல்லையா? நழுவாமை இருந்தது, பிடிமானம் போயிற்று என்றால் ஒரே வரியில் விளங்கிவிடுகிறது.

கலைச்சொல் என்றால் ஆங்கிலத்தில் ஒன்றுக்குத் தமிழில் ஒன்று என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமா? ரூபாய்க்கும் நிலைத்தன்மை, ஆட்சிக்கும் நிலைத்தன்மை, சுற்றுச்சூழல் கட்டுரைகளில் சஸ்டெய்னபிலிட்டிக்கும் நிலைத்தன்மை. எதற்கும் பின்னால் ஒரு ‘தன்மை’யை ஒட்டிவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை மொழிபெயர்ப்பாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அதே வரியில் ‘பாதிக்கின்றன’ வேறு. தமிழில் பாதிப்பு என்றால் கெடுதல். பொருத்தப்போகும் பொருள் மூட்டைக் கெடுக்கும் என்று கையேடே நோயாளியிடம் சொல்கிறது.

செராமிக் பந்தைப் பீங்கான் பந்து என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். பீங்கான் என்றதும் ஜாடியும் டீக்கோப்பையும்தான் கண்முன் வரும். கீழே விழுந்தால் உடையுமே என்று அத்தையும் பயந்தார். இந்தப் பந்து களிமண்ணில் செய்தது இல்லை, அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினாவில் செய்தது. நம் சேர்வராயன் மலையில் வெட்டி மேட்டூர் ஆலைக்கு இறக்கிய பாக்சைட்டிலிருந்து எடுப்பதும் அலுமினாதான். பிரான்சில் மருத்துவர் பியர் பூட்டின் 1970இல் இதை இடுப்பு மூட்டில் பயன்படுத்தினார். இப்போது சிர்கோனியா என்ற இன்னொரு ஆக்சைடைக் கலந்து வலுவாக்குகிறார்கள். சில வகைகள் இளஞ்சிவப்பாக இருக்கும், அது குரோமியம் ஆக்சைடு தரும் நிறம். உடைவது மிக அரிது, கீறலும் எளிதில் விழாது. செராமிக் என்றே எழுதுங்கள், டைல்ஸ் கடை புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

கையேட்டு வரியை இப்படி எழுதலாம்: ‘மூட்டு எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து எலும்பில் அதன் பிடிமானமும், அது தேயும் வேகமும், அதில் வைக்கக்கூடிய பந்தின் அளவும் மாறும். பந்து பெரிதானால் மூட்டு எளிதில் நழுவாது. எந்தப் பொருளாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை சம்மணம் போடவோ குத்துக்காலிடவோ கூடாது.’