சேற்றுவெளி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா ஆற்றுமுகம் வரை நீளும் கரையில், கடல் வற்றும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறத்தில் மின்னும் சேறுதான். மலாய்க்காரர்கள் அதை ‘டத்தாரான் லும்போர்’ என்கிறார்கள். டத்தாரான் என்றால் வெளி, லும்போர் என்றால் சேறு. நம் தமிழ்ச் செய்திகளிலோ அது பெரும்பாலும் ‘சதுப்பு நிலம்’ ஆகிவிடுகிறது. இது பொருந்தாத சொல். பொருந்தாத சொல்லால் பறவைகளுக்குக் கேடும் வருகிறது.

முதலில் ‘ஈரநிலம்’. இது குடைபோன்ற பொதுச்சொல். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஏரி, சதுப்பு, ஆற்றுமுகம் எல்லாவற்றையும் இதற்குள் அடக்குகிறது. தாழ் ஓதத்தில், அதாவது கடல் வற்றியிருக்கும்போது, 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத கடற்பரப்பும் இதில் சேரும். மலேசியா 1995-இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. ‘சதுப்பு’ ஈரநிலத்தில் ஒரு வகை மட்டுமே: நீர் தேங்கி, செடிகொடியோ மரமோ மண்டிக் கிடக்கும் இடம். கடலோரம் உவர்நீரில் வேரூன்றி நிற்கும் காட்டுக்கு அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, என்று அதைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். சங்கப் பாட்டில் வரும் ‘கண்டல்’ இந்தக் குடும்பத்து மரம்தான்.

மரமே இல்லாமல், ஓதம் ஏறும்போது மூழ்கி வற்றும்போது வெளிப்படும் தரைக்கு நான் சொல்லும் பெயர் சேற்றுவெளி. வயல்வெளி, மணல்வெளி என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதல்ல. அந்தத் தரைக்கு உயிர்நாடியும் அந்த ‘வெளி’தான்.

ஆறு சுமந்து வரும் நுண்மண், மலாக்கா நீரிணையின் அடங்கிய அலையில் மெல்லப் படிந்து உண்டாவது இந்தத் தரை. அதற்குள் புழு, நண்டு, சிப்பி என்று உயிர்கள் நிறைந்திருக்கும். ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து கரைப்பறவைகள் வந்து இறங்கும். நீண்டு வளைந்த அலகால் ஆழத் துழாவும் கோட்டான் வரும் (பறவை நூல்கள் சொல்லும் கரைப்பறவை இது, ஆந்தை அல்ல). பவளக்காலியும் பச்சைக்காலியும் வரும். ரஷ்யாவின் தூரக்கிழக்கில், ஓகோட்ஸ்க் கடலோரம் குஞ்சு பொரித்துவிட்டு வரும் நார்ட்மன் பச்சைக்காலியும் இந்தக் கரைக்கு வருகிறது. அது உலகிலேயே அருகிவரும் பறவைகளில் ஒன்று. அலகின் நீளத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் வேறுவேறு ஆழத்தில் இரை தேடும். கடல் ஏறியதும் இறால் குளக்கரைக்கும் வயலுக்கும் ஒதுங்கும், வற்றியதும் திரும்பும். இந்தக் கரையை உலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப், முக்கியப் பறவைப் பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருப்பது இதனால்தான்.

இப்போது அந்தக் கேட்டுக்கு வருகிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அலையாத்தி நடும் ஆர்வம் நாடு முழுக்கப் பெருகியது. நல்ல ஆர்வம்தான், காடு அழிந்த இடத்தில் காட்டை மீட்கத்தான் வேண்டும். ஆனால் திறந்த சேற்றையும் ‘சதுப்பு’ என்று சொல்லிப் பழகினால், அங்கே மரம் இல்லாததே ஒரு குறையாகத் தெரியும். பிள்ளைகள் வரிசையில் நின்று அங்கும் கன்று நடுவார்கள். சேற்றுவெளி மரத்தால் மூடினால், இரைநிலமும் திறந்த பார்வையும் வேண்டிய கரைப்பறவைக்கு அங்கே இடமில்லை. மண்கொட்டி மேடாக்க வருபவர்களுக்கோ இன்னும் வசதி: ‘வெறும் சேறு’ என்ற இரண்டு சொல் போதும்.

‘வெறும் சேறு’ என்று நம் முன்னோர் சொன்னதாகத் தெரியவில்லை. பழந்தமிழில் சேறு என்றால் இனிய சாறும்கூட, தீஞ்சேறு என்பார்கள். அரைத்த சந்தனக் குழம்புக்கும் சந்தனச் சேறு என்றே பெயர். உழைத்துச் சேற்றில் கால் வைப்பதை இழிவென்று உழவர் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பழித்துச் சொல்ல வேறொரு சொல் இருந்தது: அளறு. வள்ளுவர் நரகத்துக்கு அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். புலால் உண்பதைப் பற்றிய குறள் ‘அண்ணாத்தல் செய்யாது அளறு’ என்று முடிகிறது. ‘கழி’ என்ற சொல்லையும் நினைத்தேன். நெய்தல் பாட்டெல்லாம் அதில் நனைந்திருக்கிறது. ஆனால் அது உப்பங்கழியின் நீரோட்டத்தைக் குறிப்பது; வற்றிய தரைக்குப் பொருந்தாது.

நம் தலைநகரின் பெயரிலேயே அந்த லும்போர் இருக்கிறது. கோலாலம்பூர் என்றால் சேற்று ஆற்றுமுகம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த ஊர் அது.

பயன்படுத்தும் விதம்: ‘கடல் வற்றியதும் பெனாகா சேற்றுவெளியில் கோட்டான்கள் இறங்கின.’ ‘அலையாத்தி நடுவதற்கு முன், அந்த இடம் பழைய காடா, சேற்றுவெளியா என்று பாருங்கள்.’