7.5 சதவீத ஒதுக்கீடு: ‘அரசு உதவி பெறும்’ பள்ளி கணக்கில் வராது

தமிழ்நாட்டில் நீட் எழுதி மருத்துவம் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் இது வந்தது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள்.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளி. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.

செட்டிநாட்டில் சறுக்குவது இங்கேதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் அறமாகத் தொடங்கிய பழைய பள்ளிகள் பல, தனியார் நிர்வாகத்தில் அரசு உதவி பெறுபவை. ஆசிரியருக்கு அரசு சம்பளம், சத்துணவு, இலவசப் புத்தகம், எல்லாம் இருப்பதால் அரசுப் பள்ளி என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். கல்லூரி சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்பதால் குழப்பம் கூடிவிடுகிறது. 7.5 அப்படியல்ல. எட்டு வரை ஒன்றியப் பள்ளி, ஒன்பதும் பத்தும் உதவி பெறும் பள்ளி, பிளஸ் டூ அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் அந்த இரண்டு வருடத்தால் ஒதுக்கீடு போய்விடும். எட்டாவது முடித்து டி.சி. வாங்குமுன் சேரப்போகும் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். ‘உதவி பெறும்’ என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கலாம். ஐயம் இருந்தால் தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள்.

பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும், எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று குறித்து, கையெழுத்தும் முத்திரையுமாகப் படிப்புச் சான்று வாங்குங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் வேறு வேறாக இருந்தால் பிளஸ் ஒன்னிலேயே திருத்துங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைய முடியாது.

நீட் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். தமிழ் வினாத்தாள் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். அதில் ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வாசகமே செல்லும். ஆகவே இரண்டையும் சேர்த்து வாசிக்கப் பழக்குங்கள். நீட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று குறிக்க மத்திய அரசுக்கான சான்று வேண்டும், மாநிலக் கலந்தாய்வுக்கு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று. இரண்டும் வேறு.

நீட்டில் தகுதி மதிப்பெண் வந்தாலும் இடம் தானாக வராது. மாநிலத் தேர்வுக் குழுவுக்குத் தனியாக விண்ணப்பித்து, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டையும் அதில் கோர வேண்டும். அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களில் இந்த 7.5 இல்லை. 100 இடமுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் மீதி 85இல் 7.5 சதவீதம் என்றால் ஆறு இடம்தான் வரும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் இது உண்டு. அங்கே கிடைத்தால் பணத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்: கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது.