டே கேரில் குழந்தைக்கு அடிபட்டால்: லைசென்ஸ் இல்லாத இடம் என்றாலும் புகார் செல்லும்

டே கேரில் விழுந்து கை முறிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, நிர்வாகத்தார் கூடவே வந்து மெதுவாகச் சொல்வார்கள்: "வீட்ல விழுந்துட்டான்னு சொல்லிடுங்க. செலவை நாங்க பாத்துக்கறோம். போலீஸ் கேஸ் ஆனா உங்களுக்குத்தான் அலைச்சல்." தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்-இல், முதலில் ஏறும் வரிதான் கடைசி வரை நிற்கும். பேச்சை நம்பி அப்படிச் சொல்லிவிட்டு, செலவும் வராமல் வழக்கும் நிற்காமல் தவித்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பொறுப்பில் இருந்தபோது அடிபட்டது என்பதை டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். ஏ.ஆர். நகல் கேளுங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொன்று சிசிடிவி. பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். "இந்தத் தேதிப் பதிவை அழிக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

இனி அலுவலகங்கள். தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூலுக்கு அனுமதி தருவது கல்வித் துறை; அதற்கென்று 2015-இல் விதிகள் வந்தன. அங்கன்வாடி என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பகம் என்றால் தொழிலாளர் துறை. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்கள் இந்த மூன்றிலும் வர மாட்டார்கள். அதனால்தான் எங்கே போனாலும் "இது எங்க லிமிட் இல்லை" என்கிறார்கள். ஸ்டேஷனிலும் "லைசென்ஸே இல்லாத இடத்துல ஏன் விட்டீங்க?" என்று பெற்றோரையே கேட்கிறார்கள். அது பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி.

சிறார் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 75 லைசென்ஸைப் பார்ப்பதில்லை. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ 3 ஆண்டு வரை சிறை. குழந்தைப் பராமரிப்பை ஏற்ற அமைப்பின் ஊழியரோ நிர்வாகியோ என்றால் 5 ஆண்டு வரை. ஆனால் 75-ஐ மட்டும் எழுதினால் "கோர்ட் உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அஜாக்கிரதையால் காயம் என்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 125-ஐயும் புகாரில் சேர்த்து எழுதுங்கள். குழந்தையை டே கேரில் சேர்க்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருந்தாலும் குற்றப் புகாரை அது தடுக்காது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் வந்தது என்பதற்கான ரசீதை, கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். எல்லை தாண்டியது என்று மறுக்கவும் கூடாது. மறுத்தால், புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலியல் சீண்டல் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் நிர்வாகத்தின் "உள் விசாரணை" முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம்.

சுவரில் மாட்டியிருக்கும் உத்யம் சான்றும் (சிறுதொழில் பதிவு) ஜிஎஸ்டி எண்ணும் குழந்தைகளை வைத்துக்கொள்வதற்கான அனுமதி ஆகாது. ப்ளே ஸ்கூல் என்றால் அனுமதி ஆணையையே காட்டச் சொல்லி, முகவரியும் முடியும் தேதியும் சரியா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் கல்வித் துறைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள்: இந்த முகவரிக்கு அனுமதி உண்டா, எதுவரை, கடைசியாக ஆய்வு செய்தது எப்போது? 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.