மூடிய புத்தகம் செய்யும் வேலை

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் கிளிநொச்சியில் பொழுதுபட்ட பின் ஒழுங்கைகளில் நடந்தால், பிள்ளைகள் பாடமாக்கும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். இதயத்தின் அமைப்பை ஒரு பிள்ளை ஆறாவது தடவையாக வாசிப்பாள். வரிகள் தடங்கலின்றி ஓடும். தெரிந்துவிட்டது என்று நம்புவாள். பரீட்சை மண்டபத்தில் அது வராமல் போனால், தனக்கு ஞாபகசக்தி இல்லை என்று அழுவாள். அவளுடைய மூளையில் ஒரு குறையும் இல்லை. குறை படிக்கும் முறையில்தான்.

2006 இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியை நான்கு அமர்வுகளில் வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: பந்தியில் 83 சதவீதம் அவர்களுக்கு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 சதவீதம் எஞ்சியது, எழுதியவர்களிடம் 61. எழுதியவர்களுக்கு யாரும் சரிபிழை சொல்லவும் இல்லை!

திரும்ப வாசிக்கும்போது சொற்கள் கண்ணுக்குப் பழகுகின்றன. அந்தப் பழக்கத்தை அறிவென்று மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தை மூடிவிட்டால், விடையை உள்ளே தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேடலே நினைவை உறுதியாக்குகிறது. சற்று மறந்த பின் தேடினால் பலன் இன்னும் கூடும். அதனால்தான் ஒரே இரவில் பத்துத் தடவை படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் காட்டும், கைத்தொலைபேசியில் வரும் நினைவட்டைச் செயலிகளும் இதையே செய்கின்றன.

போரின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் மண்ணெண்ணெய் அரிதாக இருந்தது. குப்பி விளக்கில் சிறிது நேரம் வாசித்துவிட்டு அணைத்துவிடுவோம். பிறகு இருட்டில் ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தோம். அன்று கேட்ட கேள்விகள் பல இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

அம்மாமாரே, உங்களுக்கு விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கொப்பியை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "இடது இதயவறையிலிருந்து குருதி எங்கே போகிறது?" என்று கேளுங்கள். உடனே சொல்லிக் கொடுக்காமல் அரை நிமிடம் யோசிக்க விடுங்கள். பிழையாகச் சொன்னால் கொப்பியைப் பார்த்துத் திருத்துங்கள். இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.