கமராவைத் திறக்கமுதல் சொல்லவேண்டியது

யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழைப் பக்கம் ஓர் ஆச்சி. நான் கமராவை ஸ்ராண்டில் பூட்டி முடிக்கமுதலே காணி உறுதியையும் அடையாள அட்டைக் கொப்பியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இருந்துவிட்டார். "தம்பி, எந்தக் கந்தோரிலை இருந்து வாறியள்?" வீட்டுத்திட்டத்துக்குப் பதிய வந்த ஆள் என்று நினைத்திருக்கிறார். நானோ இடம்பெயர்வு பற்றின படத்துக்கு என்று போனில் எல்லாம் விளக்கி 'ஓம்' வாங்கிவிட்டேன் என்ற நம்பிக்கையில் போயிருந்தேன்.

இடம்பெயர்வு பற்றிப் படம் எடுக்கிற பெடியள் (ஆளுக்கொரு யூடியூப் சனல் இருக்கிறது, நல்லதுதான்) இதை ஒருக்கால் யோசிக்கவேண்டும். எங்கள் சனம் 30 வருடத்துக்கு மேலாகப் பதிய வந்தவர்களுக்கே கதை சொல்லிப் பழகினது. யுத்தத்தால் 1990இல் வலிகாமம் வடக்கை (தெல்லிப்பழைப் பகுதியை) விட்டது, 1995 ஒக்டோபர் 30இல் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது எல்லாம் விண்ணப்பப் படிவத்தின் ஒழுங்கிலேயே வரும். அதை எடுத்தால் படிவம்தான் கிடைக்கும், ஆள் கிடைக்காது.

அதனால் இப்போது முதலே சொல்லிவிடுகிறேன்: "இதாலை வீடும் வராது, நிவாரணமும் வராது." சிலர் அதோடு எழும்பிவிடுவார்கள். சரி, போகட்டும். இந்த ஆச்சி உறுதியை உள்ளே வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். குசினியில் பல்லுத் தேய்ந்த ஒரு திருவலை, தேங்காய் துருவுகிறது. 95இல் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனதாம். "அரிசியை விட்டிட்டு இதை ஏனப்பா கொண்டுவந்தனி எண்டு அவர் பாலத்தடியிலை பேசினவர்" என்று சிரித்தார். கமராவைக் கொண்டுவரட்டோ என்று கேட்டுத்தான் எடுத்தேன்.

புத்தளத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு முஸ்லிம்களிடம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். புலிகள் அவர்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னது 1990 ஒக்டோபர் 30. அதே திகதி, எங்களுக்கு ஐந்து வருடம் முந்தி. நான் யார், எந்தப் பக்கத்து ஆள் என்பதை மறைத்துக்கொண்டு அங்கே கேள்வி கேட்கக்கூடாது.

சம்மதக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நானும் நினைத்தவன்தான். ஓர் அம்மாவின் இரண்டு நிமிடத் துண்டை இணையத்தில் போட்டேன், மூன்றாம் நாள் வெளிநாட்டில் இருந்து மகன் போன் எடுத்தார். அவருடைய அகதிக் கேஸ் நடக்கிறது. அவர் எழுதிக்கொடுத்த வருடமும் அம்மா சொன்ன வருடமும் ஒத்துவரவில்லை. அம்மாவுக்கு வருடம் பிசகிவிட்டது, அவ்வளவுதான். உடனே அழித்தேன், ஆனால் அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டது.

இப்போது வெட்டி ஒட்டின படத்தை லப்டொப்பில் கொண்டுபோய் வீட்டுக்காரரோடு இருந்து பார்க்கிறேன், வெளியிலே யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறேன். ஆச்சி ஒன்றைத்தான் வெட்டச் சொன்னார்: குசினி வாசலில் தலை வாராமல் நிற்கிற இடம். முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த சொட் அது. வெட்டிவிட்டேன்.